இருபத்து மூன்றாவது உறை

குடிநீர் வாரியத் தலைமை அலுவலகத்தில், லிஃப்ட் வேலை செய்கிற நாட்களில் மூன்றாவது மாடியில் இறங்கி இடது பக்கம் திரும்பினால் கணினிப் பிரிவு வரும். வேலை செய்யாத நாட்களிலும் அது அங்கேதான் இருக்கிறது. போய்ச் சேரத்தான் மூச்சு வேண்டும். அங்கே ஜன்னலோர மேசையில், திரையைப் பார்த்தபடி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கியும் நீட்டியும் ஒரு பெண்மணி உட்கார்ந்திருப்பார். அவர்தான் அடைப்புக்குறி அக்கா. புரோகிராம் எழுதும்போது அடைப்புக்குறி ஒன்று திறந்தால் ஒரு விரலை மடக்குவார். மூடினால் நீட்டுவார். கடைசி வரி வந்ததும் இரண்டு கையும் விரிந்திருந்தால் எல்லாம் சரி. ஒரு விரல் மடங்கிக் கிடந்தால் எங்கேயோ ஒன்று மூடாமல் கிடக்கிறது. பத்து அடுக்குக்கு மேல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேலி செய்தவருக்கு, அப்போது விரலை விட்டுவிட்டு எழுதினவரைத்தான் மடக்க வேண்டும் என்று பதில் சொன்னாராம். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஊதியச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பெயரை யாரும் பார்த்ததில்லை.

இருபத்திரண்டு வயதில் தட்டச்சராக வந்தவர். வாரியம் தட்டச்சு இயந்திரங்களை ஏலம் விட்டுக் கணினி வாங்கியபோது, பதினோரு தட்டச்சர்களை ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி முடிந்ததும் பத்துப் பேருக்குக் கணினியை அணைக்கத் தெரிந்திருந்தது. அக்காவுக்கு மட்டும் அது உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. தானாகப் படித்து, தானாக எழுதி, தப்பாக எழுதி, திருத்தி எழுதி இருபத்தேழு வருஷம் ஓட்டிவிட்டார். வாரியத்தில் எது ஓடினாலும் அக்கா எழுதியதுதான் ஓடும். எது நின்றாலும் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். பதவி உயர்வு நேரத்தில் மட்டும் அக்கா என்று ஒருவர் இருப்பது யாருக்கும் ஞாபகம் வராது. அதைப் பற்றி அவருக்குப் பெரிய வருத்தம் இல்லை. அவருடைய வருத்தமே வேறு.

அவருடைய வீட்டுக்காரரும் இதே வாரியத்தில்தான் வேலை. ஐந்து மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கிற நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். பத்து வருஷத்துக்கு முன்னால் அங்கே மாற்றினார்கள். ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை வருவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் போன மறு வருஷமே, தன்னையும் அந்த நிலையத்தின் அலுவலகத்துக்கு மாற்றச் சொல்லி அக்கா விண்ணப்பம் எழுதினார். அங்கே இடமும் காலியாக இருந்தது. கணவனும் மனைவியும் ஒரே ஊரில் இருக்கலாம் என்று விதியும் இருந்தது. விண்ணப்பம் கொடுத்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. கிணற்றில் போட்ட கல்லாவது விழுந்தபோது ஒரு சத்தம் கொடுக்கும்.

கேட்காமல் இல்லை. கேட்டுக்கேட்டுக் கால் தேய்ந்தது. கீழ் அதிகாரி மேலே அனுப்பியாயிற்று என்பார். மேல் அதிகாரி கீழே கருத்துக் கேட்டிருக்கிறோம் என்பார். நடுவில் இருப்பவரோ இரண்டு பேரையும் கேட்கச் சொல்வார். வாரியத்தின் வழக்கம் அப்படி. ஒரு காகிதம் மேசைக்கு வந்தால் அதைப் பிரித்துப் படிப்பது மரியாதைக் குறைவு. வந்த உறையை அப்படியே இன்னோர் உறைக்குள் போட்டு, மேலே "உள்ளே உள்ளதன் மீது தங்கள் முடிவு என்ன?" என்று எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். தள்ளினவருக்கு அன்றைய வேலை முடிந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் கோப்புகளையெல்லாம் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றியபோதும், உறைக்குள் உறையாக, உள்ளது உள்ளபடியே ஏற்றினார்கள். ஏற்றிவிட்டுப் பூட்டி வைத்தார்கள். படிக்க அனுமதி வேண்டுமென்றால் விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பம் எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட இடத்தில், ஒரு திங்கட்கிழமை காலை, இயக்குநர் ஓர் ஆணை போட்டார். ஊழியர்களின் நிலுவை விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் பட்டியல் எடுக்க வேண்டும். பட்டியலில் இருப்பவற்றுக்கு ஒரே கூட்டத்தில் முடிவு. பட்டியலில் இல்லாதவை காலாவதி. பட்டியல் எடுக்க வெளியிலிருந்து ஓர் ஆலோசகர் வருவார், கணினிப் பிரிவு அவருக்கு உதவ வேண்டும். பூட்டிக் கிடந்த கோப்புகள் ஒரு வாரத்துக்குத் திறந்துவிடப்படும்.

அக்கா ஆணையை இரண்டு தடவை படித்தார். பட்டியலில் தன் விண்ணப்பம் வந்தால் வெள்ளிக்கிழமையோடு விடிவு. வராவிட்டால் ஒன்பது வருஷமும் தண்ணீரில் எழுதிய எழுத்து. இனி முதலிலிருந்து தொடங்கினால் அடுத்த முடிவு வருவதற்குள் இரண்டு பேருமே ஓய்வு பெற்றிருப்பார்கள்.

ஆலோசகருக்கு நாற்பது வயதிருக்கும். இரண்டு போன், கழுத்தில் அடையாள அட்டை, வாயில் எப்போதும் ஒரு புன்னகை. அவர் எழுதிக்கொண்டு வந்த புரோகிராமின் யோசனை சுத்தமானதுதான். ஓர் உறையைப் பிரி. உள்ளே காகிதம் இருந்தால் படி. உள்ளே இன்னோர் உறை இருந்தால் அதற்கும் இதே வேலையைச் செய். அவ்வளவுதான். தன்னையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டு எவ்வளவு ஆழமானாலும் போகிற புரோகிராம். எழுதினால் ஏழு வரி. அந்த ஏழு வரியில் எத்தனை பள்ளம் இருக்கிறது என்பது விழுந்தவருக்குத்தான் தெரியும்.

முதல் பள்ளத்தில் ஆலோசகர் திங்கட்கிழமை பதினொன்றரைக்கே விழுந்தார். ஓட்டின கணத்தில் புரோகிராம் மூச்சுத் திணறி நின்றது. எல்லை கடந்த ஆழம் என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. அவர் கணினி பழசு என்றார். இணைப்புச் சரியில்லை என்றார். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, விரல் மடக்கி ஒரு முறை படித்தார்.

"உறையா காகிதமான்னு கேக்காம, பிரிக்க முடியுமான்னு கேட்டிருக்கீங்க சார். காகிதத்துல இருக்கிற எழுத்தையும் அது பிரிச்சுப் பாக்குது. ஒரு எழுத்தைப் பிரிச்சா உள்ள அதே எழுத்துதான் வரும். அதையும் பிரிக்கும். அதையும் பிரிக்கும்."

ஆலோசகர் அதைத்தான் தானும் சந்தேகப்பட்டதாகச் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே போய்ப் போனில் அரை மணி நேரம் பேசினார். அக்கா ஒரு வரியை மாற்றினார்.

செவ்வாய்க்கிழமை அதே புரோகிராம் மறுபடி மூச்சுத் திணறியது. இந்த முறை தப்பு ஆலோசகர் மேல் இல்லை. பாவம், அவருக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டாமா. அக்கா ஒவ்வோர் உறையாகப் பின்தொடர்ந்து பார்த்தார். ஒருங்கிணைப்புக் குழுவின் கோப்பைத் திறந்தால் உள்ளே முப்பத்தெட்டுக் குழுக்களின் கோப்புகள். அவற்றில் முப்பத்தெட்டாவது, ஒருங்கிணைப்புக் குழுவின் கோப்பு. அதைத் திறந்தால் உள்ளே முப்பத்தெட்டுக் குழுக்கள். தலையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ரெக்கார்டு ரூமுக்குப் போனார்.

ரெக்கார்டு கீப்பர் மிக நேர்மையான மனிதர். வாரியத்தில் நடந்த பாதி அநியாயத்துக்கு அவருடைய நேர்மைதான் காரணம். அவர் விதிப் புத்தகத்தை எடுத்து விரித்தார். வாரியத்தின் எல்லாக் குழுக்களின் கோப்புகளும் ஒருங்கிணைப்புக் குழுவின் கோப்புக்குள் இருக்க வேண்டும், விதி பதினாலு. ஒருங்கிணைப்புக் குழு ஒரு குழுவா இல்லையா? குழுதான். அப்படியானால் அதன் கோப்பும் அதற்குள் இருக்க வேண்டும். தாளாக இருந்தவரை ஒரு கோப்பை அதற்குள்ளேயே திணிக்க முடியவில்லை. அவர் முயன்று பார்த்திருக்கிறார். முடியாமல், "இந்தக் கோப்பு இங்கேயும் உள்ளது" என்று ஓர் இளஞ்சிவப்புச் சீட்டு எழுதி உள்ளே வைத்தார். ஸ்கேன் செய்தவர்கள் சீட்டைக் கணினியில் நிஜமாக்கிவிட்டார்கள். சீட்டை எடுத்துவிடலாமே என்று அக்கா கேட்டார். அதற்கு ஒருங்கிணைப்புக் குழு தீர்மானம் போட வேண்டும் என்றார் அவர். குழு எப்போது கூடும்? உள்ளே இருக்கிற முப்பத்தெட்டுக் குழுக்களும் கருத்துச் சொன்ன பிறகு.

அக்காவுக்கு மருந்து தெரியும். பார்த்த உறைகளின் எண்ணை ஒரு பக்கம் குறித்துக்கொண்டே போக வேண்டும். குறித்த எண் மறுபடி வந்தால் உள்ளே போகாமல் திரும்பிவிட வேண்டும். இதை இயக்குநர் அறையில் நின்று சொன்னார். ஆலோசகர் புன்னகைத்தார். அவ்வளவு சுற்ற வேண்டாம், தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவானேன், இருபது அடுக்கோடு நிறுத்திவிட்டால் போதும், திரும்பத் திரும்ப வந்த பெயர்களைக் கடைசியில் நீக்கிவிடலாம் என்றார். ஏன் இருபது என்று அக்கா கேட்டார்.

"இருபது கவருக்கு மேல ஒரு காகிதம் போகுமா மேடம்? எந்த ஆபீஸ்லயாவது?"

இயக்குநருக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. தன் நிர்வாகத்தைப் பாராட்டியதாக எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை மத்தியானம் பட்டியல் வந்தது. முந்நூற்றுப் பதினோரு விண்ணப்பங்கள். தாள் அச்சாகி விழ விழ அக்கா எடுத்துப் படித்தார். சைக்கிள் நிறுத்த நிழல் கேட்டவர் இருந்தார். மின்விசிறி மாற்றக் கேட்டவர் இருந்தார். செத்துப்போய் நாலு வருஷமான வாட்ச்மேன் புதுச் செருப்புக் கேட்ட விண்ணப்பம்கூட இருந்தது. அக்கா இல்லை. முதலிலிருந்து படித்தார். கடைசியிலிருந்து மேலே படித்தார். ஒவ்வொரு வரியாக ஸ்கேல் வைத்துப் படித்தார். இல்லை.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கே வந்து, தனக்காக ஒரு சின்னப் புரோகிராம் எழுதினார். அடுக்குக்கு எல்லை கிடையாது. பார்த்த உறையைக் குறித்துக்கொள்ளும். தேடுவது ஒன்றே ஒன்றை: அவருடைய ஊழியர் எண் போட்ட காகிதம். இந்த உறையில் இருக்கிறதா? இருந்தால் கொடு. இல்லையா, உள்ளே இருக்கிற உறையில் தேடச் சொல். விரலை மடக்கி நீட்டிப் பார்த்தார். கை விரிந்தது. ஓட்டினார். நாலு விநாடி. திரையில் ஒரே வார்த்தை: இல்லை.

மனுஷிக்கு அப்படியே உட்கார்ந்துவிடத் தோன்றியது, உட்கார்ந்துதான் இருந்தார். தொலைந்துவிட்டது. எவனோ ஒருவன் உறையைக் கிழித்து டீ கிளாஸுக்கு அடியில் வைத்திருப்பான். பன்னிரண்டு மணிக்கு வழக்கம்போல வீட்டுக்காரர் போன் செய்தார். மழை உண்டா, மகள் ஹாஸ்டலிலிருந்து பேசினாளா என்று கேட்டார். பட்டியலைப் பற்றி அக்கா வாயைத் திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. அந்த மனிதர் இந்த விஷயத்தைக் கை கழுவிவிட்டார் என்பது அக்காவின் மனத்தாங்கல். வெளியே சொன்னதில்லை.

போனை வைத்ததும் அவருக்குத் தன் புரோகிராமின் மேலேயே சந்தேகம் வந்தது. இருபத்தேழு வருஷப் பழக்கம். பிறரை நம்பாவிட்டாலும் பரவாயில்லை, தன்னை நம்பக் கூடாது. ஒவ்வோர் அடுக்கிலும் என்ன நடக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும்படி வரிக்கு வரி சேர்த்து மறுபடி ஓட்டினார். திரையில் வரிகள் ஓடின. அடுக்கு இருபது, உள்ளே கேட்கிறேன். இருபத்தொன்று, உள்ளே கேட்கிறேன். இருபத்திரண்டு, உள்ளே கேட்கிறேன். இருபத்து மூன்று: கிடைத்தது.

அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

கிடைத்திருக்கிறது. முதல் தடவையே கிடைத்திருக்கிறது. இருபத்து மூன்றாவது அடுக்கு பத்திரமாக எடுத்து இருபத்திரண்டாவதன் கையில் கொடுத்திருக்கிறது. இருபத்திரண்டு அதை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிட்டது. உள்ளே கேள் என்று எழுதியவர், கேட்ட பதிலை மேலே திருப்பிக் கொடு என்று எழுத மறந்துவிட்டார். ஒரே ஒரு சொல். கேட்கச் சொன்னால் கேட்டாயிற்று. பதிலைக் கொண்டு வரச் சொல்லவில்லையே. இருபத்தொன்று இருபத்திரண்டின் வாயைப் பார்த்தது, அது பேசவில்லை. இருபது இருபத்தொன்றின் வாயைப் பார்த்தது. கடைசியில் மேலே இருந்தது, இல்லை என்று அறிவித்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்கிற தப்பு. அக்கா தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சேர்த்தார். ஓட்டினார். காகிதம் வந்தது.

அவருடைய கையெழுத்துத்தான். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய, கொஞ்சம் திடமான கையெழுத்து. மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். அதற்குக் கீழே, பச்சை மையில், வேறொரு கை எழுதியிருந்தது: "விதிப்படி சரி. மாறுதல் அளிக்கலாம். ஆணையை ஊழியரிடம் கொடுக்கவும்." கையெழுத்து. தேதி. விண்ணப்பம் கொடுத்த நாலாவது நாள்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை கேட்டிருப்பீர்கள். வாரியம் வெண்ணெயையும் உறையில் போட்டு ஒட்டிவிட்டது. நாலாவது நாளே முடிவு எழுதியாகிவிட்டது. அந்த முடிவை உறைக்குள் வைத்துக்கொண்டு, உள்ளே உள்ளதன் மீது தங்கள் முடிவு என்ன என்று இருபத்திரண்டு மேசைகள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருந்தன. அக்காவுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அவர்களைத் திட்டலாமென்று வாயெடுத்தால், காலையில் தானும் அதையே எழுதி வைத்தது ஞாபகம் வந்து இன்னும் கோபமாக வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அச்செடுத்த தாளோடு இயக்குநர் அறைக்குள் போனார். ஆலோசகரும் அங்கேதான் இருந்தார். இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பச்சை மைக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது என் கையெழுத்தாச்சே."

"ஆமாங்க ஐயா. அப்ப நீங்க உதவி இயக்குநர்."

இயக்குநர் சமாளித்துக்கொண்டார். அந்த நாற்காலிக்கு வந்தவர்கள் சமாளிக்காமல் வந்திருப்பார்களா? ஆணை மிகப் பழையது என்றார். ஒன்பது வருஷத்தில் விதிகள் மாறியிருக்கலாம் என்றார். முறைப்படி ஓர் உறையில் போட்டுப் பிரிவுக்கு அனுப்பினால் கருத்துக் கேட்டு ஆவன செய்யலாம் என்று சொல்லிக்கொண்டே, கை நீட்டி மேசை மேலிருந்த அடுக்கிலிருந்து புது உறை ஒன்றை உருவினார்.

அக்கா அந்த உறையின் மேல் தன் கையை வைத்தார். அவருடைய வாழ்க்கையில் மேலதிகாரியின் மேசைப் பொருள் ஒன்றைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"கவர் வேண்டாங்க ஐயா. நாலு மணிப் பட்டியல்ல இன்னும் ஒரு பேரைச் சேக்கணும், என் பேரு. அதுல 'யாரிடம் நிலுவை'ன்னு ஒரு கட்டம் இருக்கு. நாலாம் நாளே உங்க முடிவு வந்துட்டதால, வேற யார் பேரை எழுதறதுன்னு எனக்குத் தெரியல. நீங்களே சொன்னீங்கன்னா எழுதிடறேன்."

ஆலோசகர் தன் இரண்டு போனில் ஒன்றை மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தார். இயக்குநர் உறையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், அக்காவின் கையைப் பார்த்தார். மணியடித்து ஸ்டெனோவை வரவழைத்தார். பதினைந்து நிமிடத்தில் ஆணை தட்டச்சாகி வந்தது. பச்சை மையிலேயே கையெழுத்துப் போட்டார். ஒன்பது வருஷம் பிடித்த வேலைக்குப் பதினைந்து நிமிடம். அதிலும் பத்து நிமிடம் பிரின்டருக்குத் தாள் தேடியது. அக்கா ஆணையை நடுவில் யார் கையிலும் விடாமல் தானே வாங்கிக்கொண்டார். போகிறபோது, இருபது அடுக்கு எல்லையை எடுத்துவிட்டு, பார்த்த உறையைக் குறித்துக்கொள்ளும் வரியைச் சேர்த்துப் பட்டியலை மறுபடி ஓட்டும்படி ஆலோசகரிடம் சொன்னார். மத்தியானம் வந்த பட்டியலில் அறுபத்து நான்கு பேர் கூடியிருந்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு எப்போதோ சரி சொல்லியாகிவிட்டது என்று பார்க்க இயக்குநர் ஒரு குழு அமைத்தார்.

மாடிப்படித் திருப்பத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. அக்கா அங்கே நின்று வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். பின்னால் பம்ப் ஓடுகிற சத்தம். ஆணை வந்துவிட்டது என்றார். தேதியைச் சொன்னார். எந்த வருஷத்துத் தேதி என்பதையும் சொன்னார்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா," என்றார் அவர். "உனக்கு அந்த ஆபீஸை விட்டு வர மனசில்லன்னு நெனச்சேன். கேட்டா எங்க இல்லன்னு சொல்லிடுவியோன்னுதான் கேக்கறதையே விட்டுட்டேன்."

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார். "நீங்க கேக்காததால உங்களுக்கு நான் வேண்டாம்னு நான் நெனச்சேங்க," என்றார். ஒன்பது வருஷத்தில் இதை ஒரு தடவை சொல்லியிருக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டுதான் இருந்தது. அப்போதெல்லாம் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

"பாப்பாவுக்கு அப்ப ஒன்பது வயசு," என்றார் அவர்.

"ஆமாங்க. இப்ப பதினெட்டு."

எந்த இயக்குநர் எந்த மையில் கையெழுத்துப் போட்டாலும் அந்த ஒன்பது வருஷத்தைத் திருப்பித் தர முடியாது. கீழே யாரோ லிஃப்ட் கதவைத் தட்டித் திட்டிக்கொண்டிருந்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு நீங்கள் பஸ் ஏற வேண்டாம், நான் வருகிறேன் என்றார். அவர் சரி என்றார். பிறகு தயங்கினார்.

"இங்க வீட்ல ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கு," என்றார்.

"இன்னொண்ணு வாங்கி வைங்க," என்றார் அக்கா.